அம்மா கையில் விழுந்த வெள்ளை

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வீடியோ காலில் அம்மா வந்தாள். வந்தாள் என்றால்... நெற்றி வந்தது. அம்மா பேசினால் பாதித் திரையில் நெற்றியும் மீதித் திரையில் ஓட்டுக் கூரையும்தான் தெரியும். அது பழகிப்போன விஷயம். ஆனால் அன்றைக்கு போனை அவள் பிடித்திருக்கவே இல்லை. அப்பா பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ புடிக்க மாட்டியா?"

"கை ஈரமா இருக்கு."

பத்து நிமிஷம் பேசினோம். பத்து நிமிஷமும் கை ஈரமாகவே இருந்தது. ஈரக் கையை யாராவது முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார்களா?

"கையைக் காட்டும்மா."

"எதுக்கு? ரேகை பாத்து ஜோசியம் சொல்லப் போறியா?"

அப்பாவுக்கு ரகசியம் காக்க வராது. குத்தகை நில வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு இறங்கியவர் அவர். "அவ கையில வெள்ளை விழுந்திருக்கு பாப்பா" என்றார். போன் ஒரு சுற்று சுற்றியது. கூரை தெரிந்தது. கட்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அம்மாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் வசந்தா. வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே அரசுத் தொடக்கப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். காலையில் காய் நறுக்க வேண்டும், மதியம் பரிமாற வேண்டும், அப்புறம் அண்டா கழுவ வேண்டும். மிச்ச நேரத்தில் எங்கள் ஒன்றரை ஏக்கரில் நடவு, களை. அவள் வீட்டிலும் சரி, அப்பா வீட்டிலும் சரி, பள்ளிக்கூடத்துக்குள் போய் முழுசாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். இப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இதை மாதம் ஒரு முறையாவது இந்தப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன் என்று ஒரு வாசகர் கிண்டல் செய்திருந்தார். உண்மைதான். இன்னும் எழுதுவேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கையில் போன் இருந்தது. சும்மா இருப்பேனா? 'கைகளில் வெள்ளைத் திட்டுகள், காரணங்கள்' என்று தேடினேன். தேமல். தைராய்டு. வைட்டமின் குறைவு. தீக்காயம் ஆறிய தடம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறத்தைத் தின்கிற ஏதோ ஒன்று. தொழுநோய். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் ஒரு காரணம் கூடியது. இறங்கும்போது அம்மாவுக்கு ஒரே சமயத்தில் பதினோரு வியாதி இருந்தது.

வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். விரல் கணுக்கள், புறங்கை, சுண்டு விரலின் பக்கவாட்டு... எல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. அம்மா நல்ல கறுப்பு. அதனால் பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தது. மணிக்கட்டு வரைக்கும்தான். அதற்கு மேல் பழைய அம்மா.

"எப்பலேருந்தும்மா?"

"இப்பத்தான். ரெண்டு மாசம் இருக்கும்."

ரெண்டு மாசத்துக்குப் பெயர் 'இப்பத்தான்'!

தெரு முழுக்கக் காரணம் தயாராக இருந்தது. எதிர்வீட்டுச் செல்லம்மா அத்தை உள்ளே வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்.

"மீன் கொழம்பு தின்னுட்டுப் பால் குடிச்சிருப்பா. அதான் வெளுத்துப்போச்சு. அப்பவே சொன்னேன்."

அம்மா முறத்திலிருந்து நிமிரவே இல்லை. "ஒரே நாள்ல மீனும் பாலும் வாங்குற வசதி நம்ம வூட்டுல என்னைக்கு அத்தாச்சி இருந்துச்சு?"

"அப்ப யூரியாதான். வெறுங்கையால யூரியா எறைச்சியா, இல்லையா?"

"எறைச்சேன். நீங்களுந்தான் எறைச்சீங்க. உங்க கை நல்லாத்தானே இருக்கு?"

அத்தை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மடியில் மறைத்துக்கொண்டார்.

நானும் என் பங்குக்கு விசாரணை நடத்தினேன். சோப்பை மாற்றினாயா? பாத்திரம் தேய்க்கும் பவுடர் எது? சுண்ணாம்பு பட்டதா? எல்லாவற்றுக்கும் அம்மா 'இல்லை', 'தெரியாது', 'இருக்கலாம்' என்று மூன்றே பதில்தான் வைத்திருந்தாள். அடுப்படி ஆணியில் நான் வாங்கிக் கொடுத்த சிவப்பு ரப்பர் கிளவுஸ் தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, இதையாவது ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளே என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

வியாதி என்ன என்பது எனக்குக் கவலை. அம்மாவுக்குக் கவலை அது இல்லை. அப்பா வாசலுக்குப் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துல என்னையப் பரிமாற வேணாம்னுட்டாங்க."

"யாரு சொன்னது?"

"டீச்சர்தான் சொன்னாங்க. ஆனா சொன்னது அவுங்க இல்ல."

இந்த வாக்கியம் உங்களுக்குப் புரியாமல் போகலாம். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு இந்த வேலைக்கு ஆர்டர் வந்தபோது, மேலத்தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் ஒரு மாதம் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'வயிறு சரியில்லை' என்றார்கள். அத்தனை வயிறும் ஒரே மாதத்தில் கெட்டு, ஒரே மாதத்தில் சரியானது. முட்டை போடுகிற நாளில் முதலில் சரியானது என்று அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது வெளிப்படையாகச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வெள்ளை.

கிளப்பிவிட்டவர் பண்ணை வீட்டு சேகர். நாங்கள் குத்தகைக்கு உழுகிற ஒன்றரை ஏக்கர் அவர் குடும்பத்து நிலம். அப்பாவின் பெயரைக் குத்தகைதாரர் பதிவில் ஏற்றக் கூடாது என்று அவர் அப்பா வழக்குப் போட்டு, தோற்று, மறுபடி போட்டு, மறுபடியும் தோற்றார். அது முடிந்த கதை என்று எல்லாரும் சொல்வார்கள். சேகர் மட்டும் இன்றைக்கும் எங்கள் வரப்பு வழியாகப் போகும்போது பைக்கைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார். அவர் பையன் வேனில் கும்பகோணம் போய் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறான். இந்தப் பள்ளிக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் இரண்டு சீலிங் பேன். அவர் வாங்கிக் கொடுத்தது. மூன்று இறக்கையிலும் அவர் பெயர் எழுதியிருக்கும். பேன் சுற்றினால் பெயர் தெரியாது. அதனால் கரண்ட் போனால்தான் அவருக்குப் புகழ்.

அவர் தலைமை ஆசிரியையிடம் சொன்னாராம்: "டீச்சர், எனக்கு ஒண்ணும் இல்ல. பிள்ளைங்க விஷயம். தொத்து வியாதியா இருந்தா யாரு பதில் சொல்றது?"

டீச்சர் நல்லவர்தான். ஆனால் இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டயர்மென்ட். வம்பு வேண்டாம் என்று நினைத்தார். "வசந்தாம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள டாக்டர் சர்டிபிகேட் கொண்டாந்துடுங்க. அதுவரைக்கும் பரிமாற வேணாம். தட்டு, பாத்திரம் மட்டும் கழுவுங்க."

"நீ என்னம்மா சொன்னே?"

"கழுவுற தட்டுலதானே டீச்சர் புள்ளைங்க சாப்புடப் போவுதுன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"அவுங்களுக்குப் பதில் தெரியல. எனக்கும் கழுவுற வேலை இருந்துச்சு. வந்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முறத்தில் அரிசியை அதற்கப்புறம் அவள் புடைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை சர்டிபிகேட் இல்லையென்றால் 'கொஞ்ச நாள் லீவுல இருங்க' என்பார்கள். கொஞ்ச நாள் என்பது எங்கள் ஊரில் எவ்வளவு நீளும் என்று எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. தோல் ஓ.பி.யில் வரிசை. முறை வந்ததும் உள்ளே போனோம். டாக்டர் என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். அவ்வளவுதான்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

"ரெண்டு மாசமா வெள்ளைத் திட்டு டாக்டர். அரிப்பு இல்ல. பேமிலில யாருக்கும் கிடையாது. தைராய்டு பாத்ததில்ல..." நான்தான். பதினோரு வியாதியையும் ஒப்பிக்கத் தயாராக இருந்தேன்.

டாக்டர் பேனாவை என் பக்கம் நீட்டினார். "வெள்ளை விழுந்தது உங்க கையிலயா, அவங்க கையிலயா?"

வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொட்டார். குண்டூசி முனையால் லேசாகக் குத்தினார்.

"இங்க தெரியுதா?"

"தெரியுதுங்க."

"இங்க?"

"வலிக்குதுங்க டாக்டரம்மா!"

"வலிக்கணும். வலிச்சா நல்லது. நீங்க பயந்தது இல்ல இது."

நான் பயந்தது எது என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அந்த அறைக்குள் வருகிற எல்லாரும் அதே தொழுநோய்க்குத்தான் பயப்படுவார்கள் போல.

அப்புறம் அவர் அம்மாவின் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மணிக்கட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "இங்க வந்து ஸ்கேல் வெச்சு வெட்டின மாதிரி நிக்குது பாருங்க. ரெண்டு கையிலயும் ஒரே எடத்துல. உடம்புக்குள்ளேருந்து வர்றது இவ்வளவு ஒழுங்கா வராது. கையில என்ன போடுவீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் போட மாட்டேங்க. மஞ்சள்தான்..."

என் மானம் போய்விட்டது. என் அம்மா வெறுங்கையோடு அண்டா கழுவுகிறாள் என்று டாக்டர் நினைத்துவிடுவாரே! "இல்ல டாக்டர், ரப்பர் கிளவுஸ் வாங்கிக் குடுத்திருக்கேன். அதைப் போடாம எந்த வேலையும் செய்ய மாட்டாங்க" என்றேன். பெருமையாகச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த வேலையுமேவா?"

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அண்டாவை வெந்நீரில் கழுவும்போது கிளவுஸ். காய் நறுக்கும்போது கிளவுஸ். துணி துவைக்க. வயலில் களை பறிக்க. கைக்குள்ளே வியர்வை ஊறி ஊறி, சாயங்காலம் கழற்றும்போது விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிடக்குமாம். சிவப்புக் கையோடு வரப்பில் நடந்தால், "டாக்டரம்மா ஆப்பரேசனுக்குப் போறாங்கடி!" என்று நடவு ஆட்கள் கத்துவார்களாம். அம்மா கையை உயர்த்திக் காட்டுவாளாம். "எம் பொண்ணு வாங்குனது!"

"சுண்டு விரல்ல மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்?" என்றார் டாக்டர்.

அம்மா நெளிந்தாள். "அந்த எடம் கிழிஞ்சுபோச்சுங்க. புதுசு கேட்டா இவ வாங்கித் தருவா, செலவு எதுக்குன்னு... சைக்கிள் கடையில குடுத்து பஞ்சர் ஒட்டிக்கிட்டேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் விளக்கியது இதுதான். சில ரப்பர் சாமான்களில், ஒட்டுகிற பசைகளில் கலக்கிற ரசாயனம் சிலருடைய தோலுக்கு ஆகாது. சூடும் வியர்வையும் சேர்ந்து நாள்கணக்கில் ஊறினால், தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் செத்துப்போகலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது; அம்மாவுக்கு ஆகியிருக்கிறது போலத் தெரிகிறது. உறுதி செய்ய ஒன்றிரண்டு டெஸ்ட். ரப்பரை விட்டுவிட வேண்டும். களிம்பு போட வேண்டும். நிறம் மெதுவாகத் திரும்பலாம். எல்லா இடத்திலும் திரும்பும் என்று சொல்ல முடியாது. தொற்றாது. சமைக்கலாம், பரிமாறலாம்.

சர்டிபிகேட் கேட்டேன். எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷில்தான். "தொற்றாது" என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். அம்மா டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்மா, கிளவுஸ்தான்னு?"

அம்மா இன்னும் ஒரு முறை டீயை ஊதினாள்.

"டாக்டர் கேட்டப்ப ஏன் மஞ்சள்னு சொன்னே?"

"பொங்கலுக்கு முன்னாடியே அரிக்க ஆரம்பிச்சுது. அதைக் கழட்டி வெச்சா அரிப்பு நிக்கும், போட்டா வரும். எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் போட்டே?"

"நீதான் தெனம் போன்ல கேப்பியே, கிளவுஸ் போட்டியாம்மா, கிளவுஸ் போட்டியாம்மான்னு. போட்டேன்னு சொல்லணும்ல? போடாம போட்டேன்னு எப்புடிப் பொய் சொல்றது?"

டீ ஆறிப்போய்விட்டது. என்னுடையதுதான்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். என் பட்டமளிப்பு விழா போட்டோவில் அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்திருக்கிறாள். அடுப்புக்கரியும் வெடிப்புமாக இருந்த கை அது. மறைக்கச் சொன்னது யார் என்று நீங்கள் கேட்கலாம். யாரும் சொல்லவில்லை. போட்டோகிராபர் 'ரெடி' என்றபோது நான் ஒரு முறை அந்தக் கையைப் பார்த்தேன். அவ்வளவுதான். அதற்கு மறு மாதம் வேலை கிடைத்தது, முதல் சம்பளத்தில் கிளவுஸ் வாங்கினேன். அம்மாவின் கையைக் காப்பாற்றத்தான் வாங்கினேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் போனைக் கேட்போம், புத்தகத்தைக் கேட்போம். கைக்குச் சொந்தக்காரியைக் கடைசியாகத்தான் கேட்போம். கேட்டாலும் ஆமாம் இல்லை என்று பதில் வருகிற மாதிரியே கேட்போம். உங்கள் வீட்டில் யாருக்காவது கையில் நிறம் மாறினால் தயவுசெய்து என் கதையைப் படித்துவிட்டு கிளவுஸைத் தூக்கிப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். காரணம் ஆயிரம் இருக்கும். டாக்டரிடம் காட்டுங்கள். கூடப் போனால், வாயைக் கட்டிக்கொண்டு போங்கள்.

வெள்ளிக்கிழமை. பள்ளியில் டீச்சர், சேகர், ஏழெட்டு அம்மாக்கள். கூடத்தின் மூலையில் சாதமும் சாம்பாரும் தயாராக இருந்தன. டீச்சர் சர்டிபிகேட்டை முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். "தொத்தாதுன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. பரிமாறலாமாம்."

சேகர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "சரி, தொத்தாது. நல்ல விஷயம். ஆனா பாக்க எப்புடி இருக்கு? சின்னப் பிள்ளைங்க, பயப்படும்ல? வசந்தா, தப்பா எடுத்துக்காதே. நிறம் வர்ற வரைக்கும் இரு. அப்பறம் பாத்துக்கலாம்."

"எம் புள்ள ஒண்ணும் பயப்படலீங்க" என்றது ஒரு குரல். மேலத்தெரு அம்மா ஒருவர். "புது ஆளு குழம்பு கம்மியா ஊத்துறாங்கன்னுதான் அழுவுது."

நான் எழுந்தேன். மூன்று நிமிஷப் பேச்சு மனப்பாடமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். சட்டம், அரசாணை, சமத்துவம் எல்லாம் அதில் இருந்தது.

"நீ உக்காரு" என்றாள் அம்மா.

உட்கார்ந்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நின்றார்கள். அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "நீங்க பேசிக்கிட்டு இருங்க, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு அண்டா பக்கம் போய்க் கரண்டியை எடுத்தாள்.

சத்துணவில் ஒரு விதி உண்டு. பிள்ளைகளுக்குப் போடும் முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்து, ருசி எப்படி என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா ஒரு தட்டில் சோறு வைத்து, சாம்பார் ஊற்றி, டீச்சர் முன்னால் கொண்டுவந்து நீட்டினாள். தட்டின் விளிம்பில் அந்த வெளுத்த விரல்கள், மறைக்காமல்.

டீச்சர் தட்டைப் பார்த்தார். சேகரைப் பார்த்தார். கூடமே அவரைப் பார்த்தது.

டீச்சர் தட்டை வாங்கினார். ஒரு வாய் இல்லை, நாலு வாய் சாப்பிட்டார்.

"நீங்களும் கொஞ்சம் பாக்குறீங்களா?" அம்மா சேகரிடம் கேட்டாள். நிஜமாகவே மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இல்ல... நான் இப்பத்தான் சாப்புட்டு வந்தேன்."

மணி பன்னிரண்டரை. அதற்குள் சாப்பாடு முடிந்துவிட்டதாம். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டபோது அம்மா மூன்றாவது வரிசைக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கை கழுவிவிட்டு வந்து பதிவேட்டைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'சாம்பாரில் உப்பு சற்றுக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அம்மாவுக்கு இப்போது ஒரே ஒரு கோபம்தான். உப்பு சரியாகத்தான் இருந்ததாம்.